அலுமாரிக்குள் நின்று ‘ம்’ சொன்னவர்

மனிதர் வாயைத் திறந்து சொல்வதெல்லாம் வீண், வாயை மூடிக்கொண்டு சொல்லும் ‘ம்’ ஒன்றுதான் உண்மை என்று நம்பிய ஒரே ஆள் கொழும்பில் எங்கள் ‘ம்’ அண்ணைதான்.

வெள்ளவத்தையில், ரயில் பாதையைப் பார்த்த ஒரு ஃப்ளாட்டில் எங்கள் ஒபிஸ். மனம் சோர்ந்தவர்கள் போனில் பேசினால் தமிழில் பதில் சொல்லும் கணினிக் குரலைச் செய்துகொண்டிருந்தோம். அது என்ன சொல்ல வேண்டும் என்று எழுதுவது நான். எப்படிச் சொல்ல வேண்டும் என்று தீர்மானிப்பது அவர். என் அப்பா, எங்கள் பகுதியான முகத்துவாரத்தில் மீன் பெட்டி சுமப்பவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். இந்த வேலை போனால், படித்து என்ன கண்டாய் என்று தெருவே கேட்கும்.

பஸ்ஸில் யாராவது நல்லதொரு ‘ம்’ சொல்லிவிட்டால், மறந்துவிடுமே என்று அண்ணை அதையே சொல்லிக்கொண்டு ஒபிஸ் வரை வருவார். பக்கத்தில் இருந்தவர் முன்கூட்டியே பம்பலப்பிட்டியில் இறங்கிவிடுவார். ரயில் சத்தம் புகாதிருக்க, போர்வைகள் தொங்கவிட்ட அலுமாரிக்குள் நின்றுதான் ஒலிப்பதிவு. ஒருநாள் தண்ணீர்ப் போத்தல் கொண்டுவந்தவர், “வைக்கட்டுமா?” என்று கேட்க, அலுமாரி “ம்ம்...” என்றது. மனிதர் வெற்றுப் போத்தலை எடுக்காமலே படியிறங்கி ஓடினார்.

முதலில் வானொலி அறிவிப்பாளர் ஒருவரின் குரலை வைத்தோம். பரிசோதனைக்குப் பேச ஒப்புக்கொண்ட கொட்டாஞ்சேனை அம்மா ஒருவர், அந்தக் குரலைக் கேட்டதும் உற்சாகமாகி, “மகனுக்கு நாளைக்குப் பிறந்தநாள், ஒரு பாட்டுப் போடுங்க” என்றார்.

எங்களுக்குப் பொறுப்பாக இருந்த உளவளத்துணையாளர் மிஸ் சிரிக்கவில்லை. “இன்னும் ஒரு டெஸ்ட். அதுவும் சரிவரேல்லையெண்டா எல்லாத்தையும் மூடுவம்” என்றார்.

அண்ணை என் பக்கம் திரும்பினார். “பிள்ளை, நீர் கதையும்.”

அழகாக, அழுத்தம் திருத்தமாகப் பேசினேன்.

“இது பட்டம் வாங்கின குரல். வீட்டில கதைக்கிற குரல் எங்க?”

“அத மறக்கத்தானே அண்ணே இவ்வளவு படிச்சேன்.”

“புழுகத்தில துள்ளிக்கொண்டு நிக்கிற ஆளிட்ட ஆரும் கவலை சொல்லுவினமோ? களைச்சு வாற ஆளிட்டத்தான் சொல்லுவினம்.”

அன்றிலிருந்து என் களைப்புக்கு அவர் காவல். வேலை முடிகிற நேரத்தில்தான் அலுமாரியைத் திறப்பார். லிஃப்ட் இருக்க, என்னை மட்டும் நான்கு மாடி ஏறச் சொல்வார். நடுவில் யாராவது தேநீர் நீட்டினால், “குடுக்காதேங்கோ, தெளிஞ்சிடும்” என்று பறித்துத் தானே குடிப்பார். கோபத்தில் எனக்கு நல்ல தமிழ் வரவில்லை. வீட்டுத் தமிழ்தான் வந்தது. அதைத்தான் வைத்துக்கொண்டார்.

கடைசி டெஸ்ட் நாள். அதே அம்மா. என் குரல் சொன்னது: “நான் மனுஷி இல்லங்க, கணினிதான். சொல்லுங்க, கேக்குறேன்.”

அந்தப் பக்கமிருந்து, “என்னம்மா இப்பிடிக் களைச்சுப் போயிருக்க? சாப்பிட்டியா?”

மிஸ் நெற்றியில் கை வைத்தார். “ஆரு ஆருக்கு ஆறுதல் சொல்லுறது?”

இந்தக் கேள்விக்கு நான் பதில் எழுதியிருக்கவில்லை. பதில் இல்லாத இடத்தில் சொல்வதற்கென்று அண்ணை வைத்திருந்ததைக் கணினி சொன்னது: “ம்...”

அந்த அம்மா நீளமாக மூச்சு விட்டார். “எனக்கும் சோறு எறங்குறதில்லம்மா. மகன் கோவிச்சிட்டுப் போனதுல இருந்து...”

மிஸ் எங்களை வெளியே போகச் சொல்லிவிட்டுத் தான் மட்டும் இருந்து கேட்டார். அரை மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்தபோது அவர் கண் சிவந்திருந்தது. “மூடத் தேவையில்ல” என்றார். அண்ணை அதற்கும் ‘ம்’ தான்.

டெஸ்ட் அறிக்கையை அண்ணைதான் எழுதினார். வீட்டுக்குக் கொண்டுபோனேன். அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது. ‘குரல்’ என்ற இடத்தில் என் பெயரையும், அதன் பக்கத்தில் முகத்துவாரம் என்று எழுதியிருந்ததையும் விரல் வைத்துக் காட்டினேன். அப்பா இரண்டையும் தடவிப் பார்த்தார்.

“உன்னைய மாடி ஏற வச்ச மனுஷன் பேரு எங்க?”

அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தன் பெயரை அவர் எங்கேயும் எழுதவில்லை. நானே எழுதிவிடலாம் என்று பேனாவை எடுத்த பிறகுதான், அவருடைய சொந்தப் பெயரை ஒருநாளும் கேட்டதில்லை என்பது உறைத்தது.

“அவரு நம்ம ஆளுப்பா” என்றேன்.