பிரிக்பீல்ட்ஸில் வெடித்த கர்மக்காய்

ஞாயிற்றுக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் கர்மம் வெடிக்கிறது என்று கேள்விப்பட்டதும், கிள்ளானிலிருந்து வேன் போட்டு வந்தது நம் சனம். அம்பாங்கிலிருந்து வந்தவர்களுக்குப் படிக்கட்டில்கூட இடமில்லை. பின்னே? ஏழு பிறவிப் பாவம் ஒரே நிமிடத்தில் போகிறதென்றால் பார்க்கிங் கிடைக்குமா!

மாடிக் கடையில் வீற்றிருந்தார் தம்புசாமி அடிகள். போன வருடம்வரை வீடு வீடாக வாட்டர் ஃபில்டர் விற்றவர். இப்போது பாவத்தை வடிகட்டுகிறார். இமயமலைக் குகையில் மட்டுமே விளையுமாம் அந்தக் 'கர்மக்காய்'. சந்தனப் பொடியில் புரட்டி, வந்தவரின் உள்ளங்கையில் வைப்பார். கங்கைத் தீர்த்தம் தெளிப்பார். கொஞ்ச நேரத்தில் 'டப்!' காய் வெடித்து விதை பறக்கும். பாவம் தீர்ந்தது. சனம் காலில் விழும்.

தன் மகன் ரிஷிக்கு நிச்சயித்த பெண் ஷாமினியை அங்கே அழைத்துவந்தார் உஷாராணி அம்மையார். மண்டபம் பேசியாகிவிட்டது, பெண்ணின் கர்மத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடலாமே என்ற நல்லெண்ணம்தான். ஷாமினி கையில் வைத்த காய் வெடிக்கவில்லை.

"கடுமையான தோஷம்மா. புருஷனுக்கு ஆகாது. மாசாமாசம் பரிகாரப் பூசை செய்யணும். காய் வெடிக்கிறவரைக்கும் கல்யாணப் பேச்சே வேணாம்" என்றார் அடிகள்.

ரிஷி? இன்ஜினியரிங் படித்த பிள்ளை. போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஷாமினிக்கு அழுகையும் ஆத்திரமும் பொங்கின. சாலாக் செலாத்தானில் இருக்கும் தன் வீட்டுக்கு வந்து புடவையை உதறினால், பக்கத்தில் நின்றவர்களின் காயிலிருந்து தெறித்த விதைகள் ஈரத்தில் பசையாக ஒட்டியிருந்தன. பால்கனித் தொட்டியில் போட்டுவைத்தாள். இமயமலைச் செடியாயிற்றே, பனி கேட்குமோ? ஒன்றும் கேட்கவில்லை. நம்மூர் வெயிலில் மூன்றே மாதத்தில் தளதளவென்று வளர்ந்து, ஊதா நிறத்தில் பூத்து, காய்த்தது. போனில் படம் பிடித்துத் தேடினாள். ருவெல்லியா டியூபரோசா. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் எச்சில் தொட்டு வெடிக்கவிட்டு விளையாடும் பட்டாசுக்காய்! அதன் பிறகு பார்த்தால், பிரிக்பீல்ட்ஸ் ரயில் வேலியோரச் சாக்கடை முழுக்க அதே பூ. அடிகளின் இமயமலைக்கு நடந்தே போய்விடலாம்.

உஷாராணி கூப்பிட்ட அடுத்த பூசைக்கு ஒரு டப்பாவோடு வந்தாள் ஷாமினி.

"சாமி, இந்தக் காய உங்க கையில ஒரு தடவ வைக்கலாமா?"

அத்தனை சனத்தின் முன்னால் மாட்டேன் என்பாரா? நீட்டினார். காயை வைத்து, அவருடைய தீர்த்தத்தையே செம்போடு கவிழ்த்தாள். காய் அசையவில்லை.

"அடக் கடவுளே, சாமிக்கே தோஷம் லா!" என்று யாரோ அலறினார்.

"தோஷமில்ல அண்ணே, பிஞ்சு. பிஞ்சு வெடிக்காது. முத்திக் காஞ்ச காய் எந்தத் தண்ணி பட்டாலும் வெடிக்கும். பூசைக்கு இழுக்க நினைக்கிறவங்க கையில மட்டும் பிஞ்ச வைக்கிறாரு. அவரு தட்டுல இருக்கிற காய்ல சந்தனத்த ஊதிட்டுப் பாருங்க, பிஞ்செல்லாம் பச்சையா இருக்கும்."

சொல்லிவிட்டு, டப்பாவிலிருந்து காய்ந்த காய் ஒன்றை எடுத்து நாக்கில் நனைத்து உஷாராணி கையில் வைத்தாள். டப்!

"கங்கையில்ல ஆன்ட்டி. என் எச்சில்."

கூட்டம் சந்தனத்தை ஊத ஆரம்பித்தது. அடிகள் தன் சொந்தக் கடையிலேயே பின்வாசல் தேடினார்.

உஷாராணிக்கு முகமெல்லாம் பல். "அப்ப உனக்கு தோஷமே இல்லம்மா! தேதி வச்சிடலாம் லா."

"வேணாம் ஆன்ட்டி. இன்னைக்குக் காய் என்னை நல்ல பொண்ணுன்னு சொல்லுது. நாளைக்குப் பல்லி மாத்திச் சொன்னா? உங்க மகன் அப்பவும் போனத்தான் பாத்துக்கிட்டு இருப்பாரு. எனக்கு இந்தக் கல்யாணமே வேணாம்."

கிள்ளானில் இப்போது எலுமிச்சம்பழத்தை உருட்டிக் குறி சொல்லும் சாமி ஒருவர் கிளம்பியிருக்கிறார். மகனுக்கு ஏன் பெண் அமையவில்லை என்று கேட்க, உஷாராணி அம்மையார் விடியற்காலையிலேயே போய் வரிசையில் நிற்கிறாராம். நீங்களும் போவதாக இருந்தால், வேன் ஏறுமுன் ஒரு எலுமிச்சம்பழத்தை வீட்டு மேசையில் வைத்துத் தட்டிப் பாருங்கள். சாமியே இல்லாமல் அங்கேயும் உருளும்.