நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி

இந்த ஒரு விஷயத்திலாவது மனைவியிடம் தோற்பதில்லை என்று முடிவு செய்துகொண்டுதான் கண்ணாடிக்கடைக்காரர் கார் ஷோரூம் படியேறினார். வீட்டுக்கு அடித்த பெயிண்ட், சோபா, அவருடைய மீசை எல்லாம் அவள் முடிவு. வண்டி மட்டும் அவருடையது.

சின்ன எஸ்.யூ.வி.தான், ஆனால் சொகுசு வகை. ஒன்றில் முன்சக்கரம் இரண்டும் இழுக்கும். இன்னொன்றில் நான்கும் இழுக்கும். பணத்தையும் சேர்த்து இழுக்கும்.

விற்பனையாளர் காபி கொண்டுவந்தார். மனைவிக்கு, கேட்காமலே, சர்க்கரை இல்லாமல். ஊரார் கண்ணையெல்லாம் சோதிப்பவர் இதைக் கவனிக்கவில்லை.

"ரெண்டு சக்கரம் போதுங்க," என்றாள் மனைவி.

"மழை பெஞ்சா வழுக்கும்."

"மழை பெஞ்சா நீங்க கடையே திறக்கமாட்டீங்களே."

விற்பனையாளர் இருமினார். "நாலு சக்கரம் இழுக்கறதுலயே ஹைப்ரிட் இருக்கு மேடம். பெட்ரோல் மிச்சம்."

"இதெல்லாம் பார்க்கத்தான் பகட்டு. எங்க அம்மா வீட்டு மேட்டுல விட்டா பாதியிலயே நின்னுடும்."

மாமியார் வீடு குன்றின் உச்சியில். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். மாப்பிள்ளையின் வருமானத்தையும் இடுப்புச் சுற்றளவையும் ஒரே மூச்சில் விசாரிப்பார். தன் கரும்பலகை இல்லாமல் எங்கும் போய்த் தங்கமாட்டார். அது எந்த வாடகைக் காரிலும் நுழையாது. 'நம்ம பழைய வண்டி அந்த மேடு ஏறாது' என்று சொல்லியே பல வருடங்களாக நிம்மதியாக இருந்தார் கண்ணாடிக்கடைக்காரர்.

ஆனால் இப்போது அவர் காதில் விழுந்தது 'நின்னுடும்' மட்டும்தான்.

"நிக்குமா? சாவியைக் குடுங்க சார்."

"வேணாங்க. மானம் போயிடும்."

"யார் மானம் போகுதுன்னு பார்ப்போம்."

மாமியார் வீட்டு மேட்டின் முதல் வளைவில் சரளை. அடுத்ததில் ஈரமண். நான்கு சக்கரங்களும் தரையைக் கவ்விக்கொண்டு ஏறின. மனைவி கைப்பிடியை இறுகப் பற்றியபடி, "நின்னுடும், நின்னுடும்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அவள் சொல்லச் சொல்ல அவர் ஆக்சிலரேட்டரை மிதித்தார். பின்சீட்டில் விற்பனையாளர் கண்ணைத் திறக்கவேயில்லை.

உச்சியில் வண்டி அலுங்காமல் நின்றது.

"இப்ப என்ன சொல்றே?"

"நான் தோத்துட்டேங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயில் வராத வார்த்தை. அவர் கீழே இறங்கி, பானட்டைத் தட்டிக்கொடுத்தார். ஒரு நாட்டைப் பிடித்தவர் குதிரையைத் தட்டுவது போல.

"சார், இதையே எனக்கு எழுதிக்குங்க. மறுபேச்சே இல்லை."

"சரி சார்," என்ற விற்பனையாளர், யாரும் கேட்காமலே பின்சீட்டின் ஒரு பக்கத்தை மடக்க ஆரம்பித்தார்.

எதிரே கேட் திறந்தது. மாமியார், ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் கரும்பலகை.

"ஏறிடுச்சே மாப்பிள்ளை. இனிமே உங்களோடவே இருந்துடறேன். பலகைதான் உள்ள போகுமோ என்னவோ."

"போகும்மா," என்றாள் மனைவி. "போன வாரமே ஷோரூம் போய் அளந்துட்டேன்."