நீலச் சோபா

“சோபா நல்லா இருக்கு சார். நீலக் கலரு உங்களுக்கு எடுப்பா இருக்கு.”

நெட்டையன் போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்தான். சாதாரண அழைப்புதான். வீடியோ இல்லை. ‘நான் தரையில படுக்கிறவன் சார், பாதித் தவணைதான் கட்ட முடியும்’ என்று வசூல்காரரிடம் அப்போதுதான் சொல்லி முடித்திருந்தான்.

“எந்தச் சோபா?”

“கைப்பிடி ஓரத்துல கிழிஞ்சிருக்கே, அதுதான். சோபா வச்சிருக்கிறவருக்கு எதுக்கு சார் பாதி? மாசக் கடைசிக்குள்ள முழுத் தவணை வரணும். இல்லேன்னா உங்க முதலாளிகிட்ட பேச வேண்டியிருக்கும்.”

குரல் கொஞ்சமும் உயரவில்லை. 

ஊரில் செருப்புக் கடை வைக்க வாங்கிய கடன். கடை போனது, கடன் போகவில்லை. கடல் தாண்டி வந்து, ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளைத் தேய்த்துக்கொண்டிருந்தான். முதலாளிவரை கடன் பேச்சு போனால் அங்கே வேலை இருக்காது. ஏற்கெனவே ஒருவனை அப்படித்தான் அனுப்பினார்கள்.

சோபாவோ அவனுடையது அல்ல. அறையில் உடன் தங்கியிருந்த சமையல்காரருடையது. அவர் அதில்தான் தூங்குவார். நெட்டையன் உண்மையிலேயே தரையில்தான் படுத்தான். தினமும் மனைவியிடம் வீடியோவில் பேசும்போது மட்டும் கௌரவத்துக்காகச் சோபாவை இரவல் வாங்கிக்கொள்வான்.

ஜன்னலைத் திறந்து பார்த்தான். எதிரே வெறும் சுவர். அதில் ஒரு துவாரம்கூட இல்லை.

“அண்ணே, யாரோ நம்ம ரூமைப் பாக்கறாங்க.”

“பாத்தா பாத்துட்டுப் போறாங்க. வாடகையில பங்கு குடுப்பாங்களான்னு கேளு,” என்றார் சமையல்காரர்.

நெட்டையன் பழைய விரிப்பு ஒன்றைக் கொண்டுவந்து ஜன்னலுக்குத் திரையாக மாட்டினான். மறுநாள் அதே குரல்.

“திரை போட்டுட்டீங்க போல. ஓரத்துல ஹோட்டல் முத்திரை இருக்கே சார். வேலை செய்யற இடத்துலயே கை வைக்கலாமா? உங்க முதலாளிக்கு இது தெரியுமா?”

அது கிழிந்துபோய்க் கழித்துப் போட்ட துணி. 

இனி சந்தேகப்பட ஒரே ஓர் ஆள்தான் பாக்கி. சமையல்காரர் வெங்காயம் உரிப்பதை நெட்டையன் முறைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

“டேய், நான் உளவு சொல்ற ஆளா இருந்தா, முதல்ல உன் குறட்டையைப் பத்தித்தான் சொல்லியிருப்பேன்.”

நெட்டையன் நம்பவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு சலவைக்கூடத்துக்கே குடிபோனான். கீழ்த்தளம், ஜன்னலே கிடையாது. டிரையருக்குப் பின்னால் ஒரு ஆள் படுக்க இடம் இருந்தது. அதுவும் முழங்காலை மடக்கினால்தான்.

இதை மனைவியிடம் எப்படிச் சொல்வது? “பதவி உயர்வு குடுத்திருக்காங்க. கூடவே குவார்ட்டர்ஸும்,” என்றான். விரிப்பு மாற்றப் போன விருந்தினர் அறையில் நின்றுகொண்டு, பெரிய கட்டிலையும் ஜன்னலில் தெரிந்த கடலையும் வீடியோவில் காட்டினான். சலவைக்கு வந்த யாருடைய கோட்டையோ மாட்டியிருந்தான். கோட்டின் கை, மணிக்கட்டுக்கு வெகு முன்னாலேயே நின்றுவிட்டது. மகள் கைதட்டினாள். மனைவி கைதட்டவில்லை.

சாயங்காலம் போன் வந்தது.

“கடல் காத்து நல்லா வருதா சார்?”

நெட்டையன் ஜன்னலில்லாத சுவர்களைச் சுற்றிப் பார்த்தான்.

“கோட்டுதான் கொஞ்சம் குட்டை. மேல இருக்கிறவங்ககிட்ட பேசிட்டேன். இனிமே தவணையே வேண்டாமாம். மொத்தத்தையும் கட்டிடுங்க.”

கோட்டின் காலரைத் திருப்பிப் பார்த்தான். பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கடித்துப் பார்த்தான். டிரையரின் வட்டக் கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. அதன் பின்னால் வெள்ளையாக யாரோ நின்றார்கள். திரும்பினான். தொங்கிய விரிப்புகள் மட்டும் மெல்ல அசைந்துகொண்டிருந்தன. மின்விசிறி ஓடவில்லை.

“என்னடா, பேயடிச்ச மாதிரி நிக்கற?” என்றார் உள்ளே வந்த சூப்பர்வைசர்.

“பேயா இருந்தா தேவலைங்க. அதுக்கு வட்டி போடத் தெரியாது.”

மறுநாள் மதியம், கதவை உள்தாழிட்டுக்கொண்டு டிரையருக்குப் பின்னால் சுருண்டு கிடந்தான். போன் அடித்தது. அலறிப்போய்ப் பார்த்தான். மனைவி, வீடியோவில்.

“என்னங்க இது, ஒரே இருட்டா இருக்கு? கட்டில் எங்க?”

புதிதாக ஒரு பொய் சொல்ல வாயைத் திறந்தான். வரவில்லை.

“கட்டில் இல்லம்மா. குவார்ட்டர்ஸும் இல்ல. கோட்டு என்னுது இல்ல, அந்தச் சோபாவும் இல்ல. துணி தேய்க்கிற இடத்துல, தரையில படுத்துக் கிடக்கேன். என் சம்பளத்துக்குப் பாதித் தவணைதான் முடியும். அந்த வசூல்காரன் நம்ப மாட்டேங்கறான். எங்க போய் ஒளிஞ்சாலும் பாக்கறான். இந்த வேலையும் போயிடுச்சுன்னா உங்களுக்கு நான் என்னத்தை அனுப்புவேன்?”

மனைவி அழவில்லை, திட்டவும் இல்லை. முகத்தைத் திருப்பித் தன் பக்கவாட்டில் எங்கோ பார்த்தாள். அவள் தோளுக்கு மேலே மகளின் தலை எட்டிப் பார்த்தது.

“அப்பா, போனைக் கொஞ்சம் கீழ சாய்ச்சுக் காட்டுங்க. வசூல் மாமாவுக்குத் தரை சரியாத் தெரியலையாம்.”