சின்னவன் தும்மின இடம்

ஒரு காட்டில், டவர் நன்றாகக் கிடைக்கிற மரமாகப் பார்த்து, செவ்வந்தி என்று ஓர் அணில் குடியிருந்தது. அதற்கு மூன்று குட்டிகள். மழைக்காலத்துக்கென்று கடலைகளை அங்கங்கே புதைத்து, எங்கே புதைத்தோம் என்று கம்ப்யூட்டரில் எழுதி வைத்திருந்தது. அந்தக் கடலை போனால் மூன்றும் பட்டினிதான்.

ஒரு நாள் அதற்கு 'கடலைக் காவலன்' என்று ஒரு சாஃப்ட்வேர் வந்தது. இலவசமாம். இன்ஸ்டால் பண்ணினால் கடலையைப் பூச்சி அரிக்காதாம். செவ்வந்திக்கு ஆசைதான். ஆனாலும் பயந்துகொண்டு, கம்ப்யூட்டர் வேலை தெரிந்த கீரியிடம் போனது.

"இதையெல்லாம் வீட்டுக் கம்ப்யூட்டர்ல போடக் கூடாது தங்கச்சி. தனியா ஒரு பழைய கம்ப்யூட்டர்ல விட்டு, என்ன பண்ணுதுன்னு பார்க்கணும்" என்றது கீரி. "திருட ஏதாவது இருந்தாத்தான் கையை நீட்டும். உன் பட்டியலைக் குடு."

செவ்வந்தி கூச்சத்தோடு கொடுத்தது. கீரி விழுந்து விழுந்து சிரித்தது.

"'சின்னவன் தும்மின இடம்.' 'பெரியவ கோவிச்சுக்கிட்டு உட்கார்ந்த கல்லு.' இதுவா பட்டியல்? என்னோடதைப் பாரு. வடக்குப் புற்று, மூணாவது ஓட்டை, இடது மூலை, பதினோரு முட்டை! இதையும் உள்ள வைக்கிறேன். ஒழுங்கான பட்டியல் எப்படி இருக்கும்னு அதுவும் பார்க்கட்டும்."

கடலைக் காவலன் உள்ளே போனது. 'நன்றி' என்று காட்டியது. ஒரு மணி நேரம் ஆடாமல் அசையாமல் இருந்தது.

"தங்கமான சாஃப்ட்வேர்" என்றது கீரி.

"இல்லண்ணே. என் பிள்ளைங்க சத்தமில்லாம இருந்தா ஏதோ விஷமம் நடக்குதுன்னு அர்த்தம். நாம இல்லாத மாதிரி இருந்து பார்ப்போமே."

மவுஸைத் தொடாமல் இரண்டும் புதருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்த்தன. கொஞ்ச நேரம்தான். காவலன் மெதுவாக எழுந்தது. ஒவ்வொரு ஃபைலாகத் திறந்தது. இரண்டு பட்டியலையும் நகல் எடுத்தது. கம்ப்யூட்டரை எப்போது போட்டாலும் தானும் எழுந்துகொள்கிற மாதிரி ஒரு மூலையில் தன் பெயரை எழுதி வைத்தது. பிறகு எல்லாவற்றையும் எங்கோ ஒரு விலாசத்துக்கு அனுப்பியது.

"மாட்டிச்சு பாத்தியா!" என்று கீரி குதித்தது.

"அண்ணே, அனுப்பிடுச்சே! நெட் வயரைப் பிடுங்கலையா?"

கீரியின் வால் தொங்கிப்போனது. முந்தின நாள் அந்தக் கம்ப்யூட்டரில்தான் அது பாம்புச் சண்டை வீடியோ பார்த்திருந்தது. அதற்காகச் சொருகின வயர் அப்படியே இருந்தது.

மறுநாள் காலையில் கீரியின் பதினோரு முட்டையும் காணோம். ஓட்டை தவறவில்லை, மூலை தவறவில்லை. செவ்வந்தி அழுதுகொண்டே தன் கடலைகளைப் பார்க்க ஓடியது. எல்லாம் போட்ட இடத்தில் போட்டபடி இருந்தன. திரும்பி வந்தால் மரத்தடியில் ஒரு நரி. மூக்கெல்லாம் மண். கையில் பட்டியல்.

"ஏம்மா, விடிஞ்சதிலேருந்து தோண்டுறேன். உன் சின்னவன் எங்கேதாம்மா தும்மினான்?"

செவ்வந்தி ஓர் இலையை இழுத்துச் சிரிப்பை மறைத்துக்கொண்டது.

"எந்தத் தும்மலைக் கேக்குறீங்க? அவனுக்குச் சளி பிடிச்சு ஒரு மாசம் ஆகுதுங்க."

நீதி: எதையும் ஒழுங்காக எழுதி வைக்காதீர்கள். திருட வருகிறவர்களுக்கு வேலை மிச்சமாகிவிடும்.