மூன்றாவது மாடி எஸ்டேட்

காபிச் செடிக்கு உடம்பு சரியில்லை என்று ஆபீஸில் லீவு கேட்ட மனிதர் இந்தியாவிலேயே எங்கள் எஸ்டேட்காரர் ஒருவர்தான். எஸ்டேட் என்றால், பெங்களூர் ஆஸ்டின் டவுனில் அவர் வாடகைக்கு இருந்த வீட்டின் மொட்டைமாடி. ஐந்து நீல டிரம், ஐந்து செடி.

நாங்கள் இருவரும் ஒரு காபிக்கொட்டை வியாபாரியிடம் வேலை பார்த்தோம். வருகிற மூட்டைகளைக் குத்தூசியால் குத்தி, மாதிரி எடுத்து, ருசி பார்க்கும் மேசைக்கு அனுப்புவது அவர் வேலை; அதை வறுத்துக் கப்பில் ஊற்றி வரிசையாக வைப்பது என் வேலை. இருபது வருஷமாக ஊரான் காபியைக் குத்தியவருக்கு, தன் காபியும் ஒருதடவை அந்த மேசைக்குப் போகவேண்டும் என்று வெறி.

மார்ச்சில் மொட்டு விரிய மழை வேண்டுமாம். குடிக்கவே தண்ணீர் இல்லாத கோடை அது. ஹவுஸ் ஓனரம்மா வரவழைத்த டேங்கர் லாரியை இவர் மடக்கினார்.

"பைப்ப மேல தூக்கி பீய்ச்சி அடிப்பா. மழைன்னு நம்பணும்."

"யாரு சார் நம்பணும்?" என்றான் டிரைவர்.

"செடிதான்!"

டிரைவர் என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன். பத்தாம் நாள் மாடியெங்கும் வெள்ளைப் பூ. திட்ட வந்த ஓனரம்மா, அந்த வாசனையில் எதற்கு வந்தோம் என்பதே மறந்து இறங்கிப் போனார்.

டிசம்பரில் பழுத்ததைப் பறித்து, தோலுரித்து, கழுவிக் காயப்போட்டார். அன்றைக்குப் பார்த்துத்தான் நிஜ மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடவில்லை. போய்ப் பார்த்தால் கட்டிலில், ஃபேனுக்கடியில், கொட்டை படுத்திருக்கிறது. இவர் தரையில்.

"என்னங்க இது?"

"மெல்லப் பேசுங்க சார்."

ஏன் மெல்லப் பேச வேண்டும் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

ஒருவழியாகக் காய்ந்த ஒரு கிலோவை ஆபீஸுக்குக் கொண்டுவந்து, முறைப்படி தன் பையையே குத்தூசியால் குத்தி மாதிரி எடுத்தார். பெயர் சொல்லாமல் ஏழாவது கப்பாக வைத்தேன். ருசி பார்ப்பவர் உறிஞ்சினார், துப்பினார். "பூஞ்சை வாடை. ரிஜெக்ட்."

வாசலில் நின்ற எஸ்டேட்காரர் கேட்டுவிட்டார். "கரெக்டாதான் சொல்றாரு" என்று தலையாட்டினார். குரல் மட்டும் ஒரு மாதிரி இருந்தது. அழுகிறாரா, பெருமைப்படுகிறாரா, பிடிபடவில்லை.

குப்பைக்குப் போகவிருந்த பையை வாங்கிவந்து, வறுத்து அரைத்து வீட்டில் காபி போடச் சொன்னேன்.

"என்னங்க, ஈரச் சாக்கு நாத்தம் அடிக்குது?" என்றாள் மனைவி.

அடித்தது. இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.