ஐந்தாவது கியர் இல்லாத கார்

நான் பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் வாத்தியார். எந்தப் பல்சக்கரத்தைப் பெரிதாக்கினால் எது மெதுவாகச் சுற்றும் என்று பதினெட்டு வருடமாகக் கரும்பலகையில் படம் போடுகிறவன். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிற்பாடு தெரியவந்தால் இன்னும் அதிகமாகச் சிரிப்பீர்கள்.

தென்காசிக்கு மாற்றலாகி நான் வந்தபோது மனைவி கோமதி சென்னையிலேயே தங்கிவிட்டாள். அவளுக்கு அங்கே வேலை, மகள் நிலாவுக்கு அங்கே படிப்பு. (யாருக்கும் யார் மேலும் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் போனில் பேச விஷயமாவது கிடைத்திருக்கும்.) குற்றால சீசனுக்கு இரண்டு பேரும் வந்தால் சுற்றிக் காட்டலாமே என்று நாற்பத்தைந்து வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, சுரண்டைக்காரர் ஒருவரிடம் பழைய கார் ஒன்றை வாங்கினேன். வருகிறோம், வருகிறோம் என்று இரண்டு சீசன் போயிற்று.

நான் ஓட்டப் பழகியது அந்தக் காலத்து நாலு கியர் வண்டியில். சொல்லிக்கொடுத்த அண்ணாச்சி முதல் நாளே என் புறங்கையில் ஒரு அடி வைத்தார். "வலது ஓரம் ரிவர்ஸ் சார். ஓடுத வண்டியில கை அங்கன போச்சுன்னா கியர் பெட்டி ரோட்டுல கெடக்கும், பாத்துக்கிடுங்க." நல்ல மாணவனாக அதை மனதில் எழுதிக்கொண்டேன். என் காரில் கியர் கம்பியின் தலையில் எண்கள் இருக்கவேண்டிய இடத்தில், பழைய சொந்தக்காரர் ஒரு கண்ணாடி உருண்டையை மாட்டியிருந்தார். உள்ளே ஒரு பிளாஸ்டிக் ரோஜா. நாலு கியர் போட்டுப் பார்த்தேன், நாலும் விழுந்தது. பின்னால் போகவேண்டுமானால் வண்டியை நிறுத்திவிட்டு வலது ஓரம். எனக்குத் திருப்தி.

ஊருக்குள் ஒரு குறையும் இல்லை. திருநெல்வேலி நாலுவழிச் சாலையில் ஏறினால்தான் வினை. எழுபதைத் தாண்டியதும் எஞ்சின் ஊளையிட ஆரம்பிக்கும். தொண்ணூறில் எஞ்சின் சுற்றைக் காட்டும் முள் நாலாயிரத்தைத் தொடும், மாவு மில்லுக்குள் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். மெக்கானிக் சுடலையிடம் காட்டினேன். அவர் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். சீசன் கூட்டத்தில் மூன்றாவது கியருக்கு மேல் போக வழியில்லை. "எஞ்சின் நல்லாத்தான் பேசுது சார். நீங்கதான் ரொம்பக் கவனிக்குதிய" என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டார்.

அவர் சொன்னது சரிதான். எனக்குக் கவனிப்பதற்கு வேறு என்ன இருந்தது? காலேஜ் விட்டால் வீடு, வீட்டில் ஒரு தட்டு, ஒரு டம்ளர். ஞாயிற்றுக்கிழமை ஐந்தருவிக்குப் போவேன். தனியாகக் குளிக்கப் போகிறவனுக்கு அருவியில் உள்ள பெரிய கஷ்டம் கார் சாவியை யாரிடம் கொடுப்பது என்பதுதான். எல்லாரும் சாவியையும் துண்டையும் யாரிடமாவது நீட்டிவிட்டு ஓடுகிறார்கள். நான் அரைஞாண் கயிற்றில் சாவியை முடிந்துகொண்டு, தண்ணீருக்கடியில் ஒரு கையால் அதைப் பிடித்தபடியே நின்று குளித்தேன். அப்படிக் குளிக்கிற மனிதனுக்கு எஞ்சின் சத்தம் கொஞ்சம் அதிகமாகத்தான் கேட்கும்.

மூன்றாவது சீசனில் இரண்டு பேரும் வருவதாகச் சொன்னார்கள். திருநெல்வேலியில் இறங்குவார்கள், நான் காரில் போய் அழைத்துவரவேண்டும். ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். இரண்டு வருடத்துக்குப் பிறகு நாங்கள் மூன்று பேரும் நெருக்கமாக உட்கார்ந்து பேசப்போகிற முதல் ஒரு மணி நேரம். அது நன்றாக அமைந்தால் அடிக்கடி வருவார்கள் என்று நம்பினேன். என்ன பேசுவது என்று ஒரு சீட்டில் குறித்துக்கூட வைத்திருந்தேன். ஆனால் அந்த மாவு மில்லில் எதைப் பேசுவது?

வாத்தியார் விழித்துக்கொண்டார். நெடுஞ்சாலையில் எஞ்சினின் சுற்றைக் குறைக்கவேண்டும், அவ்வளவுதானே? சார்ட் அட்டையில் கணக்குப் போட்டேன். டயரின் சுற்றளவு கூடினால் அதே வேகத்துக்கு எஞ்சின் குறைவாகச் சுற்றினால் போதும். நாலு பெரிய டயர் கேட்டுக் கடைக்குப் போனேன். அது இந்த வண்டியில் இடிக்கும், சேராது என்று கடைக்காரர் சொன்னதை அறியாமை என்று எடுத்துக்கொண்டேன். டயர் கிடைக்காமல், கடைசியில் காலடி மிதியடிக்குக் கீழே பழைய கம்பளியைத் திணித்தேன். விருந்தினர் காதுக்கென்று ஒரு கட்டுப் பஞ்சும் வாங்கி வைத்தேன்.

ரயிலில் தூக்கமில்லை என்று கோமதி பின் சீட்டில் சாய்ந்துவிட, நிலா முன்னால் உட்கார்ந்தாள். பஞ்சை நீட்டினேன். கோமதி ஒன்றும் கேட்காமல் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள். நிலா பஞ்சையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ஆலங்குளம் தாண்டித் தொண்ணூறில் போகும்போது, அடுத்த கியருக்கு மாற்றச் சொல்லி அவள் கத்தினாள். இதுதான் கடைசி கியர், இந்த வண்டிக்கு நாலுதான் என்று நானும் கத்தினேன். கத்தியதோடு விட்டேனா? பல்சக்கர விகிதம், டயரின் சுற்றளவு, கடைக்காரரின் அறியாமை என்று பத்து நிமிடம் தொண்டை கிழியப் பாடம் நடத்தினேன். என் மாணவர்கள் மணி அடிக்கக் காத்திருக்கும்போது வைத்திருக்கும் அதே முகத்தோடு அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பாவூர்சத்திரத்துக்கு முன்னால் ஒரு டீக்கடையில் நிறுத்தச் சொல்லி, சாவிக்குக் கையை நீட்டினாள்.

"நீ ஓட்டுவியா?"

"லைசென்ஸ் வாங்கி எட்டு மாசம் ஆச்சுப்பா. போன்ல சொன்னேனே."

சொல்லியிருப்பாள். நான் சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டிருந்திருப்பேன். வாயை மூடிக்கொண்டு இடம் மாறி உட்கார்ந்தேன்.

நன்றாகவே ஓட்டினாள். நாலாவது கியரில் வண்டி சீறியதும் அவள் கை அந்த ரோஜாவைப் பிடித்து வலது ஓரத்துக்குத் தள்ளியது. எண்பதில் ரிவர்ஸ்! "திருமலை முருகா" என்று அலறிக்கொண்டு இரண்டு காலையும் டாஷ்போர்டில் தூக்கி வைத்தேன். (பண்பொழி மலைமேல் இருக்கிற அவருக்கே அது கேட்டிருக்கும்.) கண்ணையும் மூடிக்கொண்டேன்.

கியர் பெட்டி ரோட்டில் விழவில்லை. சத்தம்தான் நின்றுபோனது. கண்ணைத் திறந்தால் முள் மூவாயிரத்துக்குக் கீழே இறங்கியிருந்தது. டயர் உருள்கிற ஓசையும், ஜன்னல் ஓரத்துக் காற்றும் கேட்டன. வலது ஓரத்தில் கீழே இழுத்தால்தான் ரிவர்ஸ், மேலே தள்ளினால் ஐந்து; இரண்டு வருடமாக என்னிடம் ஐந்தாவது கியர் இருந்திருக்கிறது. நிலா ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். நானும் காலைக் கீழே இறக்கிவிட்டு வெட்கத்தோடு சிரித்தேன்.

கோமதி சிரிக்கவில்லை. காதுப் பஞ்சை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"ஏங்க, இந்த ரெண்டு வருசத்துல முன் சீட்டுல ஒருத்தர்கூடவா உக்காரல? யார் உக்காந்திருந்தாலும் சொல்லியிருப்பாங்களே."

இல்லாமல் என்ன, என்று சொல்ல வாயெடுத்தேன். ஒரே ஒரு பெயராவது அகப்படுமா என்று யோசித்தேன். அகப்படவில்லை. இத்தனை அமைதியில் ஒன்றும் சொல்லாமல் இருப்பதும் நன்றாகவே கேட்டது. நிலாவின் சிரிப்பு நின்றுவிட்டது.  தென்காசிக் கோபுரம் கண்ணில் பட்டதும் நான்தான் கடைசியில், ரயிலில் சாப்பாடு எப்படி என்று கேட்டேன்.

இப்போது கோமதி மாதம் ஒருமுறை வருகிறாள். எவ்வளவு தூக்கம் வந்தாலும் முன் சீட்டில்தான் உட்காருகிறாள். எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாண வீடானாலும் பந்தி முடிந்ததும் இந்தக் கதை நடக்கும். பஞ்சிலிருந்து ஆரம்பித்து, சார்ட் அட்டைக் கணக்கு வரை ஒன்றையும் விடாமல் அவள் சொல்வாள். முருகனைக் கூப்பிடுகிற இடம் வந்ததும் நானே நாற்காலியில் காலைத் தூக்கிக்கொண்டு அலறிக் காட்டுவேன். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். கோமதி அந்த இடத்தோடு கதையை முடித்துவிடுவாள். அதற்கு அப்புறம் தான் என்ன கேட்டாள் என்பதை இதுவரை ஒருவரிடமும் அவள் சொன்னதில்லை.