குறுக்கே படிக்காதீர்கள்

வாசிப்பை வளர்ப்பவர் என்றொரு இனம் இருக்கிறது. வாசகர் வேறு, இவர் வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். வாசகருக்கு ஒரு புத்தகமும் நாற்காலியும் போதும். இவருக்கு மேடை, பேனர், மைக், புகைப்படக்காரர் எல்லாம் வேண்டும். புத்தகம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பாதகமில்லை.

கல்லூரிகளில் இவர் பெரும்பாலும் நூலகக் குழுவின் தலைவராக இருப்பார். 'அமைதி காக்கவும்' என்ற பலகைக்கு நேர் கீழே நின்று கைப்பேசியில் பேசுவார். பிறகு அலமாரிப் பக்கம் போய்க் கண்ணை மூடி மூச்சை இழுத்து, இந்தப் பழைய தாள் வாசனைக்கு ஈடு உண்டா என்று உருகுவார், நேரம் மட்டும் கிடைத்தால் இங்கேயே குடியிருப்பேன் என்பார், இந்தக் காலத்துப் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று பெருமூச்சு விடுவார், அப்படியே வெளியே போய்விடுவார். அதுதான் முகர்ந்தாயிற்றே, படிக்க வேறு வேண்டுமா?

எனக்குத் தெரிந்த தலைவர் ஒருவரிடம் நூலகர் அம்மாள் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான்: மாலையில் கூடுதலாகக் கொஞ்ச நேரம் நூலகத்தைத் திறந்து வைக்க அனுமதி. தலைவர் ஆழ்ந்து யோசித்தார். முதலில் மாணவர்களை நூலகத்தின் பக்கம் இழுக்க ஒரு விழா எடுப்போம், மற்றதெல்லாம் பிறகு என்றார். விழாவை எங்கே வைப்பது? படிப்பறையில்தான்.

விழாவுக்கு மறுநாள் பரீட்சை. படிப்பறையில் உட்கார இடமில்லை. அங்கே ஒரு பெண். அந்தப் பாடத்தில் ஏற்கெனவே ஒருமுறை கோட்டை விட்டவள், இந்த முறையும் விட்டால் படிப்பை நிறுத்திவிடுவதாக அப்பா சொல்லியிருந்தார். வீடோ ஒற்றை அறை, அதில் அக்காவின் கைக்குழந்தை. அவளுக்கு வேண்டிய தடித்த புத்தகமோ நூலகத்தை விட்டு வெளியே போகக் கூடாதது. தலைவர் உள்ளே வந்து எல்லோரையும் பார்த்தார்.

"கொஞ்சம் எழுந்திருங்கப்பா. மாணவர்களை நூலகத்துக்கு வரவைக்கிற விழா நடக்கப் போகுது. நீங்கள்லாம் இப்படி இங்கயே உக்காந்திருந்தா எப்படி?"

எழுந்தார்கள். போனார்கள். வருகைப் பதிவு உண்டு என்று மிரட்டி அழைத்துவரப்பட்ட முதலாண்டு வகுப்பு அந்த நாற்காலிகளை நிரப்பியது. அந்தப் பெண்ணை மட்டும் நூலகர் அம்மாள், தலைவரின் படம் போட்ட பேனருக்குப் பின்னால் ஒரு முக்காலி போட்டு உட்கார வைத்தார்.

தலைவர் பேச ஆரம்பித்தார். பேசினார், பேசினார், அப்படிப் பேசினார். நடுவில் பேனரிலிருந்து ஒரு குரல்.

"சார், கொஞ்சம் மெதுவா பேசுறீங்களா? நாளைக்குப் பரீட்சை."

தன் படமே வாயைத் திறந்துவிட்டதோ என்று தலைவர் திடுக்கிட்டுத் திரும்பினார். பிறகு சமாளித்துக்கொண்டார்.

"யாரும்மா அது? வாசிப்போட அருமையைப் பத்திப் பேசிக்கிட்டிருக்கேன். குறுக்கே படிக்காதீங்க."

கைதட்ட வேண்டிய இடம் வந்துவிட்டது என்று நினைத்து முதலாண்டு வகுப்பு கைதட்டியது. அந்தப் பெண் புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். விழா முடிந்ததும் மாலை நேர அனுமதி என்னவாயிற்று என்று கேட்ட நூலகர் அம்மாளிடம், இன்றைக்கே இவ்வளவு கூட்டம் வந்துவிட்டதே, இனி எதற்கு என்றார் தலைவர்.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, தெரியும். இதை 'அனைவரும் அவசியம் படிக்க வேண்டியது' என்று எழுதி நாலு பேருக்கு அனுப்பலாம் என்று மட்டும்தான் நினைத்தீர்கள். தாராளமாக அனுப்புங்கள். அதற்கு முன் அந்தத் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கள். உங்கள் வீட்டு மூலையில் யாரோ படித்துக்கொண்டிருக்கிறார்கள்.